புது டைல்ஸ் தரையில் போகாத வெண்படலம்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடித்து நீக்கும் வழி

டைல்ஸ் ஒட்டி, டைல்களுக்கு நடுவே இருக்கும் ஜாயிண்ட் அடைத்து, மேஸ்திரி கணக்கு முடித்துக்கொண்டு போன பிறகுதான் பலருக்கும் இது கண்ணில் படும். துடைத்த ஈரம் இருக்கும்வரை தரை கடையில் பார்த்த மாதிரியே பளபளக்கும். ஃபேன் காற்றில் காய்ந்ததும், மோர்த் தண்ணீரில் துடைத்துவிட்டது போல வெளுத்துப் போகும். மறுபடி துடைத்தாலும் அதே கதைதான். மேஸ்திரிக்கு போன் போட்டால் பதில் தயாராக இருக்கும்: "ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊத்தித் தேய்ங்க சார், பளிச்சுனு ஆயிடும்."

அந்த பாட்டிலைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஆசிட் வேலை செய்யாது என்று சொல்லவில்லை. வெண்படலத்துக்கு நான்கைந்து வெவ்வேறு காரணங்கள் உண்டு. அதில் ஒன்றுக்கு ஆசிட் மருந்து, இரண்டு மூன்றுக்கு அது ஒன்றும் செய்யாது, மீதிக்கு அதுவே கெடுதல். படலம் எது என்று தெரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும். தெரியாமல் ஊற்றினால் சில தரைகளில் திரும்பி வர வழியே கிடையாது.

தொடங்கும் முன்: உங்கள் தரை எந்த வகை?

டைல்ஸ் வந்த அட்டைப்பெட்டியை இன்னும் தூக்கிப் போடவில்லை என்றால் எடுத்துப் பாருங்கள். விட்ரிஃபைடு, ஜிவிடி, டபுள் சார்ஜ், ஃபுல் பாடி, செராமிக் என்று ஏதாவது ஒன்று அச்சாகியிருக்கும். விட்ரிஃபைடு வகை (ஜிவிடி, டபுள் சார்ஜ், ஃபுல் பாடி எல்லாம் இதில் சேரும்) தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. மெல்லிய ஆசிட்டை அது தாங்கும். சுவரில் ஒட்டும் சாதாரண செராமிக் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். அதன் மேல் இருக்கும் மினுக்குப் பூச்சுதான் அதற்குப் பாதுகாப்பு.

மார்பிள், கோட்டா, கடப்பா மூன்றும் சுண்ணாம்பு வகைக் கற்கள். ஆத்தங்குடி டைல்ஸ் முழுக்க முழுக்க சிமெண்ட். இந்த நான்கில் எது உங்கள் தரையில் இருந்தாலும் கீழே வினிகர், சிட்ரிக், சல்ஃபாமிக், ஆசிட் என்று வரும் எதையும் தொடவே கூடாது. எலுமிச்சம்பழச் சாறு கூட மார்பிளில் தடம் போட்டுவிடும். ஆத்தங்குடியில் புதிதில் தெரியும் லேசான வெளுப்பு, தினம் ஈரத்துணியால் துடைத்து நடமாட நடமாடத் தானே குறையும். காரைக்குடிப் பக்கம் அதற்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கம் இன்றைக்கும் இருக்கிறது. கிரானைட் இதில் சேராது என்றாலும், சில கிரானைட்டில் இரும்புச் சத்து இருக்கும். ஆசிட் பட்டால் அது மஞ்சளாகத் துருவேறும்.

மூலையில் செய்யும் சோதனைகள்

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்துப் பாருங்கள். பகலில் மொத்தமாக மங்கலாகத் தெரிந்தது இப்போது உருவம் காட்டும். பிறை பிறையாக, ஜாயிண்டைக் குறுக்கே தாண்டிப் போகும் வளைவுகள் தெரிந்தால் அது மேஸ்திரியின் ஸ்பாஞ்ச் போன தடம். சிமெண்ட் படலம் என்று பாதி உறுதி. ஜாயிண்டை ஒட்டி இரண்டு மூன்று அங்குலம் மட்டும் எண்ணெய் பூசினாற்போல் மினுங்கினால் எபாக்ஸி, அதாவது பிளாஸ்டிக் போல இறுகும் ஜாயிண்ட் கலவை. கால் தடமும் மாப் இழுத்த கோடும் தெரிந்தால் மெழுகு அல்லது சோப்பு. சொட்டுச் சொட்டாக, ஊற்றி வழிந்த வடிவத்தில், அதிலும் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஒட்டும் பட்டை) ஓரத்திலும் தண்ணீர் போகும் துளையைச் சுற்றியும் இருந்தால், யாரோ ஏற்கெனவே ஆசிட் ஊற்றியிருக்கிறார்கள்.

அடுத்தது, மிச்சமாகி மாடிப்படிக்குக் கீழே சாத்தி வைத்திருக்கும் ஒட்டாத டைல். அதைத் துடைத்துத் தரையோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அதுவும் அதே மாதிரி மங்கலாக இருந்தால் மேஸ்திரியைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. படலம் கம்பெனியிலிருந்தே வந்தது. ஒட்டாத டைல் பளிச்சென்று இருந்தால் மங்கல் உங்கள் வீட்டில் வந்தது. எந்தச் செலவும் இல்லாத இந்த ஒப்பீட்டை ஏனோ யாரும் செய்வதில்லை.

பிறகு வினிகர். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் அமிலம் 4, 5 சதவீதம்தான். கட்டிலுக்குக் கீழே வரக்கூடிய ஒரு மூலையில் ஒரு ஸ்பூன் விட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, நல்ல தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பாருங்கள். படலம் தடிமனாக இருந்தால் நுரைக்கும். மெல்லிய படலத்தில் நுரை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே நுரையை நம்பாமல் காய்ந்த பிறகு அந்த இடம் தெளிந்திருக்கிறதா என்பதையே பாருங்கள். தெளிந்திருந்தால் சிமெண்ட் அல்லது உப்பு. துளியும் மாறாவிட்டால் வேறு ஏதோ.

கடைசியாக ஒரு துண்டு செல்லோ டேப். அழுத்தி ஒட்டி உரித்தால் வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டு வருகிறதா? வந்தால் அது தரையோடு பிடிக்காத தூசி: பெயிண்டுக்கு முன் சுவரில் பூசும் பட்டி, பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்), அல்லது பூத்த உப்பு.

நனைத்தால் மறைகிறது, காய்ந்தால் திரும்புகிறது, வினிகருக்குத் தெளிகிறது

பெரும்பாலான வீடுகளில் இந்தச் சிமெண்ட் படலம்தான். வெள்ளை சிமெண்ட்டோ பாக்கெட்டில் வரும் ஜாயிண்ட் பவுடரோ, அதில் சிமெண்ட் இருக்கிறது. சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகும். நம் பழைய சுண்ணாம்பு நீரில் இருப்பதும் அதுவே. ஒரு லிட்டர் தண்ணீரில் அது சுமார் 1.7 கிராம் கரையும். அதாவது அன்றைக்கே நல்ல தண்ணீரில் துடைத்திருந்தால் பெரும்பகுதி போயிருக்கும். விட்டுவிட்டால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக மாறும். இது முன்னதில் நூறில் ஒரு பங்கு கூடத் தண்ணீரில் கரையாது. ஒரு மாதம் கழித்து எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் போகாததற்குக் காரணம் இவ்வளவுதான். உங்கள் மாப் மேலும் குற்றமில்லை, வேலைக்கார அம்மா மேலும் குற்றமில்லை.

ஈரத்தில் ஏன் மறைகிறது? படலத்தின் மேல்பரப்பு நுண்ணிய மேடுபள்ளம். அது வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பினால் சிதறல் நின்றுவிடும். ஆகவே துடைத்த கையோடு பார்த்து "போயிடுச்சு" என்று முடிவு செய்யாதீர்கள். இந்த வேலை முழுவதிலும் தீர்ப்பு காய்ந்த பிறகுதான்.

ஜாயிண்ட் போட்டு ஒரு வாரம் ஆகவில்லை என்றால் எந்த அமிலமும் வேண்டாம். ஜாயிண்ட் இன்னும் பச்சை. படலத்தைக் கரைக்கும் அமிலம் ஜாயிண்டையும் கரைத்துவிடும். அதுவரை வெந்நீர், வெள்ளை நைலான் பேட், கை வலிக்கத் தேய்ப்பது. முதல் இரண்டு மூன்று நாளில் இதுவே முக்கால்வாசியை எடுத்துவிடும். பத்துப் பதினைந்து நாள் ஆனபின் அமிலத்துக்குப் போகலாம். ஜாயிண்ட் பவுடர் பாக்கெட்டிலேயே எத்தனை நாள் என்று போட்டிருந்தால் அதன்படி செய்யுங்கள்.

நான் சொல்வது சல்ஃபாமிக் அமிலம். கெமிக்கல் கடைகளில் உப்புக்கல் மாதிரி பொடியாகக் கிடைக்கும். டைல்ஸ் கிளீனர் என்று வரும் பல பொருள்களில் உள்ளே இருப்பதும் இதுதான். புகை வராது, மூக்கை அடிக்காது, குழாயைத் துருப்பிடிக்க வைப்பதும் குறைவு. சுண்ணாம்போடு சேர்ந்து அது உண்டாக்கும் உப்பு தண்ணீரில் நன்றாகக் கரைவதால் கழுவிவிட்டால் போய்விடும். சிட்ரிக் அமிலமும் வேலை செய்யும், ஆனால் அது உண்டாக்கும் கால்சியம் சிட்ரேட் அவ்வளவாகக் கரையாது; சரியாகக் கழுவாவிட்டால் ஒரு வெண்மையை எடுத்துவிட்டு இன்னொரு வெண்மையை விட்டுப் போகும். வினிகர் சின்னக் குளியலறைக்குப் போதும். ஹாலுக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது, வீடும் ஊறுகாய் வாசம் அடிக்கும்.

ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 50 கிராம் சல்ஃபாமிக் போட்டுக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும்; இரும்பு, அலுமினியம் கூடாது. ரப்பர் கிளவுஸ் கட்டாயம், கண்ணுக்குக் கண்ணாடி நல்லது. முதலில் தரையில் நல்ல தண்ணீர் ஊற்றி ஜாயிண்ட் எல்லாம் நனையவிடுங்கள். இதை விடவே கூடாது. காய்ந்த ஜாயிண்ட் முதலில் எது வந்தாலும் உறிஞ்சும். அது தண்ணீராக இருந்துவிட்டால் அமிலத்துக்கு உள்ளே இடமில்லை. தேங்கிய தண்ணீரைத் தள்ளிவிட்டுப் பத்துப் பதினைந்து சதுர அடிக்கு மட்டும் கலவையைப் பரப்புங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம். அதற்குள் காயும் போலிருந்தால் மேலே இன்னும் கொஞ்சம் விடுங்கள். நைலான் பேடால் தேய்த்து, அழுக்குத் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து வேறு வாளியில் பிழியுங்கள். உடனே நல்ல தண்ணீர் இரண்டு தடவை.

ஒற்றி எடுப்பது பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். கரைந்த சுண்ணாம்பு அந்த அழுக்குத் தண்ணீரில்தான் இருக்கிறது. அதைத் தரையிலேயே காயவிட்டால், கரைந்ததெல்லாம் அதே இடத்தில் மறுபடி படியும். "ஆசிட் போட்டும் போகலை" என்று சொல்லும் வீடுகளில் பாதிப் பேர் ஹால் முழுக்க ஒரேயடியாக ஊற்றிவிட்டு, ஒரு பக்கம் தேய்ப்பதற்குள் மறுபக்கத்தைக் காயவிட்டவர்கள். அதிலும் கடை ஆசிட்டாக இருந்தால் மிஞ்சுவது கால்சியம் குளோரைடு. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் உப்பு. மழைக்காலத்தில் தரை பிசுபிசுவென்று, காயவே மாட்டேன் என்று நிற்கும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் ஆப்பசோடா கலந்து ஒரு தடவை, பிறகு வெறும் தண்ணீரில் ஒரு தடவை துடைத்தால் மிச்ச அமிலம் அடங்கும். மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். இன்னும் லேசாக இருந்தால் அதே கலவையில் இன்னொரு சுற்று. கலவையைக் கெட்டியாக்குவதை விட இரண்டு மூன்று சுற்று போவது ஜாயிண்டுக்கு நல்லது.

கடையில் லூசில் விற்கும் ஆசிட் சுமார் 30 சதவீத ஹைட்ரோகுளோரிக். கழிவறை கழுவும் நீலத் திரவத்தில் இருப்பதும் அதேதான், ஏறக்குறைய 10 சதவீதம். வீட்டுக்குள் இதை நான் சிபாரிசு செய்வதில்லை. புகை போய் எவர்சில்வர் கீல், குரோம் குழாய், ஃபிரிட்ஜின் அடிப்பாகம் எல்லாவற்றிலும் படிந்து, இரண்டு வாரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு தெரியும். அடைத்த குளியலறையில் மூச்சு முட்டும். எந்த அமிலம் என்றாலும் தண்ணீரில் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய தரையில் அன்றைக்கு எந்த அமிலமும் படக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் வருவது குளோரின் வாயு, நுரையீரலைப் பதம் பார்த்துவிடும்.

இன்னொன்று: துரு நீக்கி என்றும், "சூப்பர் ஸ்ட்ராங்" டைல்ஸ் கிளீனர் என்றும் பெயர் தெரியாத பாட்டிலில் விற்பவற்றில் சிலவற்றில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் அல்லது அதன் உப்பு இருக்கும். டைல்ஸின் மினுக்குப் பூச்சு கண்ணாடி வகை. கண்ணாடியைத் தின்னும் அமிலம் அது. தோலில் பட்டால் உடனே எரியாது, பிறகு உள்ளே போய் எலும்பு வரை பாதிக்கும். லேபிளில் உள்ளே என்ன என்று எழுதாத பாட்டிலை வாங்கவே வேண்டாம்.

மாட் ஃபினிஷ் டைல். மேலே போனாலும் குழிகளில் வெள்ளை நிற்கிறது

பால்கனி, குளியலறை, கார் நிறுத்தும் இடம். வழுக்காத டைலின் சொரசொரப்புதான் அதன் குணம். சிமெண்ட் போய் உட்கார்ந்துகொள்வதும் அங்கேதான். மேலே சொன்ன சல்ஃபாமிக் முறையே இதற்கும். ஆனால் பேடுக்குப் பதில் நைலான் பிரஷ், துணிக்குப் பதில் ஈரம் உறிஞ்சும் வாக்குவம். துணியால் துடைத்தால் அழுக்குத் தண்ணீரைக் குழிக்குள் திரும்பத் தள்ளுகிறீர்கள், அவ்வளவுதான். வாக்குவம் இல்லாவிட்டால் குழாயைத் திறந்துவிட்டுத் துடைப்பத்தால் தள்ளித் தள்ளிக் கழுவிவிடுங்கள். கம்பி பிரஷ், ஸ்டீல் நார் இரண்டும் வேண்டாம்; உலோகத் துகள் குழியில் தங்கிக் கறுப்புக் கோடாகும், பிறகு அதுவே துருவாகும்.

வினிகருக்கு அசையவில்லை, எண்ணெய்ப் பளபளப்பு, தொட்டால் வழவழப்பு

இது எபாக்ஸி ஜாயிண்ட் போட்ட வீடு. அழுக்கு ஏறாது, தண்ணீர் இறங்காது என்று கூடக் காசு கொடுத்துப் போடுகிறோம். நல்ல பொருள்தான். துடைக்கத் தெரியாதவர் கையில் கிடைத்தால் அதே குணம் நமக்கு எதிரியாகும். எபாக்ஸி என்பது ரெசினும் ஹார்டனரும் சேர்ந்து இறுகும் பிளாஸ்டிக். சுண்ணாம்பு படலத்தைக் கரைக்கும் எந்த அமிலமும் அதைத் தொடாது. இங்கே ஆசிட் ஊற்றுவது வெறும் வீண்.

நேரம்தான் இதில் எல்லாம். போட்ட அன்றைக்கே கவனித்துவிட்டால் சுலபம்: வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மூடி பாத்திரம் கழுவும் திரவம், வெள்ளை நைலான் பேட், வட்டம் வட்டமாக, அழுத்தாமல். பேட் வழவழவென்று ஆனதும் அலசுங்கள்; தண்ணீரை நாலைந்து டைலுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அழுக்கான தண்ணீரில் துடைப்பதால்தான் ஜாயிண்டில் இருக்க வேண்டியது ஹால் முழுக்கப் பரவுகிறது. நம் ஊர் வெயிலில் கலவை சீக்கிரம் இறுகிவிடும். சித்திரை மாத மத்தியானத்தில் பெரிய டப்பாவாகக் கலந்துவிட்டுச் சாப்பிடப் போனால் திரும்பி வரும்போது டப்பாவிலேயே கல்லாகியிருக்கும்.

மறுநாள், மூன்றாம் நாள் என்றால் அசிட்டோனை வெள்ளைத் துணியில் தொட்டு, படலத்தின் மேல் மட்டும் தேய்த்துப் பாருங்கள். இன்னும் முழுதாக இறுகாததால் இளகலாம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பூஜை விளக்கோ அடுப்போ எரியக் கூடாது. அசிட்டோன், தின்னர் இரண்டும் சட்டென்று தீப்பிடிக்கும். ஒரு வாரம் தாண்டி முழுதாக இறுகிப்போனதைத் தின்னர் ஒன்றும் செய்யாது. பெயிண்டர் கொடுத்தார் என்று தின்னரால் தரையெல்லாம் தேய்த்து மணிக்கணக்கை வீணடிக்க வேண்டாம்.

இறுகியதற்கு வழி, எபாக்ஸி ரிமூவர் என்றே விற்கும் ஜெல். முடிந்தால் அந்த ஜாயிண்ட் கம்பெனியே விற்பதை வாங்குங்கள். படலத்தின் மேல் மட்டும் தடவி, ஜாயிண்ட் மேல் படாமல், காயாதிருக்க மேலே பாலிதீன் ஷீட் போட்டு, லேபிளில் சொன்ன நேரம் விடுங்கள். இளகியதை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் வழித்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஜாயிண்டில் பட்டால் ஜாயிண்டும் இளகும், அதுவும் எபாக்ஸிதானே. கட்டி கட்டியாக நிற்கும் சொட்டுகளுக்கு, பளபளப்பான டைலாக இருந்தால், டைலை நனைத்து வைத்துப் புது பிளேடைத் தரையோடு படுக்கவைத்துச் சீவலாம். மாட் டைலில் பிளேடு வைத்தால் கறுப்புக் கோடு விழும்.

இதற்குள் வரும் ஒரு நடுவகையும் உண்டு. இப்போது பல ஜாயிண்ட் பவுடர்களில் பாலிமர் கலந்தே வருகிறது. சில மேஸ்திரிகள் தண்ணீருக்குப் பதில் பால் நிறத் திரவம் ஊற்றிக் கலப்பார்கள். அந்தப் படலம் வினிகருக்குப் பாதி மட்டும் போகும். மேலே பிளாஸ்டிக், உள்ளே சுண்ணாம்பு. முதலில் கீழே சொல்லப்போகும் சலவை சோடா வெந்நீர்த் தேய்ப்பு, நன்றாகக் கழுவி, மறுநாள் சல்ஃபாமிக். வரிசையை மாற்றினால் அமிலம் உள்ளே இறங்காது.

கால் வைத்த இடமெல்லாம் தடம். மாப் இழுத்த கோடு கோடாக நிற்கிறது

பாலிஷ் செய்த விட்ரிஃபைடு டைல்ஸ் குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வரும்போது கீறல் விழாதிருக்க மேலே மெல்லிய மெழுகு பூசி அனுப்புவது உண்டு. ஒட்டாத டைலும் மங்கலாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது இதற்குத்தான். பிளேடு நுனியால் ஓரத்தில் லேசாகச் சுரண்டினால் வெள்ளையாகச் சுருள் வரும். இதற்கு அமிலம் கூடாது, காரம் வேண்டும். அரை வாளி வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவை சோடா, கூடக் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம். பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்து, மெழுகு மிதக்கும் தண்ணீரை உடனே எடுத்துவிட்டு வெந்நீரால் கழுவுங்கள். பிடிவாதமாக நின்றால் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் டீகிரீசர். அலுமினியக் கதவுச் சட்டத்தில் சோடாத் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். அலுமினியத்தைக் காரமும் அரிக்கும்.

மிச்சமிருந்த டைல் பளிச்சென்று இருந்தும் தரையில் கோடு விழுகிறதென்றால் உங்கள் வாளிக்குள் பாருங்கள். புது வீடு என்று பினாயிலும் வாசனைத் திரவமும் மூடி மூடியாக ஊற்றுகிறோம். உப்புத் தண்ணீரில் சோப்பு சேர்ந்தால் கால்சியத்தோடு கூடிக் கரையாத ஒரு பசையாகிவிடும். குளியல் வாளியின் உட்புறத்தில் படியும் அதே வெள்ளைப் பிசுக்கு. இரண்டு நாள் எந்தத் திரவமும் இல்லாமல் வெந்நீர் மட்டும், புது மாப். கட்டிட வேலை நடந்தபோது பயன்படுத்திய மாப்பைத் தூக்கிப் போடுங்கள். அதன் நூலுக்குள் இன்னும் சிமெண்ட் இருக்கிறது.

ஆர்ஓ மெஷின் கழிவுத் தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று அதிலேயே தரை துடைக்கும் வீடுகள் நிறைய. நல்ல எண்ணம்தான், ஆனால் மெஷின் பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை கடினத்தன்மையை (கால்சியம், மக்னீசிய உப்பின் அளவை) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது; வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 600 வரை விடுகிறது. போர்த் தண்ணீர் ஏற்கெனவே அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால், கழிவுத் தண்ணீர் அதைவிட மேலே. கறுப்பு, அடர் சாம்பல் நிற டைல்ஸில் அது காய்ந்ததும் அப்படியே வெள்ளையாகத் தெரியும். அந்தத் தண்ணீரைக் கழிவறைக்கு ஊற்றுங்கள். தரையைக் கடைசியாகத் துடைக்கும் அரை வாளியாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும்.

ஜாயிண்ட் ஓரத்தில் வெள்ளைப் பொடி. துடைத்தால் போகிறது, வாரம் கழித்து மறுபடி

இது உப்பு பூப்பது. டைலுக்கு அடியிலிருக்கும் மணல் சிமெண்ட் கலவை இன்னும் காயவில்லை, அல்லது அங்கே தொடர்ந்து ஈரம் வருகிறது. அந்த ஈரம் ஜாயிண்ட் வழியே மேலே வந்து ஆவியாகும்போது, கொண்டுவந்த உப்பை அங்கேயே விட்டுப் போகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவக் கழுவ, அடியில் போய் மறுபடி உப்பைக் கரைத்துக்கொண்டு வரத் தண்ணீர் கொடுக்கிறீர்கள். ஆசிட்டும் அப்படியே.

காய்ந்த பிரஷால் கூட்டி, வாக்குவத்தில் எடுத்து, ஃபேனும் ஜன்னலும் திறந்து தரையைக் காயவிடுங்கள். புது வீட்டில் பொதுவாகச் சில மாதத்தில் வரத்துக் குறையும். குறைந்து நின்றபின் மிச்சத்தை ஒருமுறை நீர்த்த சல்ஃபாமிக்கில் எடுக்கலாம். அதற்கு முன் ஜாயிண்ட் மேல் துளைகளை அடைக்கும் சீலர் அடிக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈரம் உள்ளே அடைபட்டு வேறு பக்கம் வெடிக்கும்.

ஒரே சுவர் ஓரத்தில், ஒரே இடத்தில் மட்டும் மாதக்கணக்கில் நிற்காமல் வந்தால் அது தரைப் பிரச்சினை இல்லை, குழாய்ப் பிரச்சினை. ராத்திரி எல்லாக் குழாயையும் மூடி, மாடித் தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கோடு போட்டு வையுங்கள். காலையில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். தரைத்தளத்தில் வெளிச்சுவர் ஓரம் என்றால் மண்ணிலிருந்து ஏறும் ஈரமாகவும் இருக்கும்.

டேப்பில் ஒட்டிவரும் தூசியும் பெயிண்ட் சொட்டும்

டைல்ஸ் போட்ட பிறகு பட்டி தேய்த்த வீடு இது. முதலில் ஈரம் படாமல் வாக்குவம். ஈர மாப் போட்டால் பட்டித் தூசி குழைந்து தரை முழுக்கப் பூச்சாகிவிடும். வெள்ளை சிமெண்ட் பட்டி இறுகியிருந்தால் சல்ஃபாமிக் முறை. பிஓபி, ஃபால்ஸ் சீலிங் சொட்டுகள் ஜிப்சம். அமிலத்துக்கு மசியாது, ஈரத்துணியை அரை மணி நேரம் மேலே போட்டு ஊறவைத்தால் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பருக்கே வரும். எமல்ஷன் சொட்டுக்கும் அதேதான், வெந்நீராக இருந்தால் இன்னும் சீக்கிரம். எனாமலுக்கு மட்டும் தின்னர்.

ஆசிட் போட்டபின் மங்கல். நகத்தால் தடவினால் சொரசொரப்பு

மேலே படிந்தது எதுவும் இங்கே இல்லை. மேல்தோல் போய்விட்டது. வினிகர், சோடா, ரிமூவர் எதற்கும் மாறாது. ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் தெரிவதால் சிமெண்ட் படலம் என்று நினைத்து இன்னும் கெட்டியாக ஆசிட் போட்டு இன்னும் கெடுக்கிறவர்கள் உண்டு. நகச் சோதனையும் வழிந்த தடமும்தான் வித்தியாசம் காட்டும்.

மார்பிள், கோட்டா, கடப்பா என்றால் பாலிஷ் மெஷின்காரர் மறுபடி இழைத்துக் கொடுப்பார். டபுள் சார்ஜ், ஃபுல் பாடி டைல்ஸில் மேல் நிறம் சில மில்லிமீட்டர் ஆழம் வரை ஓடுவதால் டைமண்ட் பேடு வைத்துத் திரும்பப் பளபளக்க வைக்க முடியும், அதற்குத் தெரிந்த ஆள் வேண்டும். மேலே மட்டும் மினுக்குப் பூசி அச்சடித்த ஜிவிடி, செராமிக் வகைக்கு அந்த வழி இல்லை; பூச்சு ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது, இழைத்தால் படமே போய்விடும். அந்த டைலைப் பெயர்த்து மாற்றுவதுதான். மிச்ச டைலை மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தால் அன்றைக்கு உதவும்; வேறு லாட்டில் அதே நிறம் கிடைப்பது கடினம்.

இன்னும் ஜாயிண்ட் போடாத அறைகள் இருந்தால்

மேஸ்திரி பக்கத்தில் இரண்டு வாளி இருக்க வேண்டும். ஒன்றில் ஸ்பாஞ்ச் அலச, இன்னொன்றில் சுத்தத் தண்ணீர். ஒரே வாளியில் அறை முழுக்கத் துடைத்தால் கடைசி டைல்களுக்கு அவர் பூசுவது நீர்த்த சிமெண்ட். ஒரு நேரத்தில் நாற்பது ஐம்பது சதுர அடிக்கு மேல் ஜாயிண்ட் அடைக்க வேண்டாம். விரலால் அழுத்தினால் பள்ளம் விழாத அளவுக்கு ஜாயிண்ட் இறுகியதும், நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் ஜாயிண்டுக்குக் குறுக்காக, ஒரு பக்கத்துக்கு ஒரே இழுப்பு, பிறகு ஸ்பாஞ்சைத் திருப்ப வேண்டும். பழைய மேஸ்திரிகள் உலர்ந்த மரத்தூளைத் தூவிச் சாக்கால் தேய்த்தெடுப்பார்கள். தூள் ஈரத்தையும் சிமெண்ட்டையும் சேர்த்தே உறிஞ்சிக்கொள்ளும். பளபளப்பான டைலுக்கு இன்றைக்கும் நல்ல முறை. வெளிர் நிற மரத்தூளாக, கல் மண் கலக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் கழித்துக் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு.

கூலியில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, மறுநாள் காலை பத்து மணி வெயில் ஜன்னல் வழியே தரையில் படும்போது அவரையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். வேலை முடிந்த சாயங்காலம் ஈரத்தோடு காட்டினால் ஏற்காதீர்கள். அப்போது படலம் தெரிந்தால் "அண்ணே, இதைத் துடைச்சுக் கொடுத்துட்டு மீதியை வாங்கிக்கங்க" என்று சொல்லலாம். அது இன்னும் வெந்நீருக்கும் நைலான் பேடுக்கும் போகிற நாள்தான்.